கோர்ட்டுக்குப் போகும் பிள்ளைக்குத் துணை நிற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் 22 வருடம் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகு இந்த 8 வருடமாக தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று டெல்டா நீதிமன்றங்களுக்குப் பிள்ளைகளோடும் அவர்கள் குடும்பத்தோடும் துணையாகப் போய் வருகிறேன். பஸ்ஸில், கல்யாண வீட்டில், ரேஷன் கடை வரிசையில் என்று பார்க்கிற இடத்தில் எல்லாம் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொல்வதைவிட உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது. இதில் வரும் பிள்ளைகள் யாரென்று யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காக ஊர், வயது, உறவுமுறை எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன்.

நீங்கள் வக்கீலா?

இல்லை. கறுப்புக் கோட்டுப் போட்டு வாதாடும் உரிமை எனக்குக் கிடையாது. இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பயிற்சி எடுத்த சட்டத் தன்னார்வலர் நான். போக்சோ வழக்கு, அதாவது 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு எதிரான பாலியல் குற்ற வழக்கு வந்தால், அரசு அமைத்த குழந்தைகள் நலக் குழு என்னை அந்தப் பிள்ளைக்கு 'ஆதரவு நபர்' என்று எழுத்தில் நியமிக்கும். பிள்ளையும் பெற்றோரும் சம்மதித்தால்தான் நியமனம். பிறகு எப்போது வேண்டுமானாலும் 'இவங்க வேண்டாம்' என்று பிள்ளை சொல்லலாம், காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. எனக்கே ஒருமுறை அப்படி நடந்தது. ஒரு பையன் என்னைப் பார்த்தால் பள்ளிக்கூட ஞாபகம் வருகிறது என்றான், அவனுக்கு வேறு ஒரு தம்பியை ஏற்பாடு செய்தோம், அவன் நன்றாகவே பேசினான்.

அப்படியென்றால் என்னதான் வேலை?

கூடவே இருப்பது. கேட்க ரொம்பச் சின்ன விஷயமாகத் தெரியும். ஒரு வழக்கில் பிள்ளையைச் சுற்றி எத்தனை பேர் மாறுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். புகார் எழுதிய மகளிர் காவல் நிலைய எஸ்.ஐ. மாற்றலாகிப் போவார், ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா வேறு ஊருக்குப் போயிருப்பார், வாக்குமூலம் வாங்கிய மாஜிஸ்திரேட் ஒருவர், விசாரிக்கும் நீதிபதி வேறொருவர், சில சமயம் அரசு வழக்கறிஞரே மாறிவிடுவார். முதல் நாளிலிருந்து தீர்ப்பு வரைக்கும் மாறாத ஒரு முகம் பிள்ளைக்கு வேண்டும். அந்த முகமாக இருப்பதுதான் என் வேலை. மற்றதெல்லாம் அதற்குள் வரும்: அடுத்த வாய்தா எப்போது, வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது, குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பிணை கிடைத்ததா என்பதைக் கேட்டுச் சொல்வது, இழப்பீட்டு மனு போட்டாகிவிட்டதா என்று பார்ப்பது, பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு குறைந்தால் தலைமையாசிரியரிடம் போய்ப் பேசுவது.

இந்த வேலைக்கு நான் வந்ததே என்னிடம் படித்த ஒரு பிள்ளையால்தான். காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை நீதிமன்ற வராந்தாவில் அவள் உட்கார்ந்திருந்தாள், நேர் எதிரே குற்றம் சாட்டப்பட்ட ஆளும் அவன் சொந்தக்காரர்களும். கடைசியில் 'இன்றைக்கு இல்லை, அடுத்த மாதம் வாங்க' என்று அனுப்பிவிட்டார்கள். தனியறை கேட்டிருக்கலாம், நேரம் குறித்துத் தரச் சொல்லிக் கேட்டிருக்கலாம். அப்படியெல்லாம் கேட்க முடியும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியாது.

யார் வரலாம்? சட்டம் படித்திருக்க வேண்டுமா?

வேண்டாம். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், அங்கன்வாடியில் வேலை பார்த்தவர்கள், மகளிர் குழுவில் கணக்கு எழுதும் பெண்கள், சமூகப்பணி படித்த இளைஞர்கள் எல்லாரும் வருகிறார்கள். சட்டத்தைப் பயிற்சியில் கற்றுக்கொள்ளலாம். பொறுமையையும், வாயைக் கட்டும் பழக்கத்தையும் நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். ஊரில் நாலு பேர் திண்ணையில் உட்கார்ந்து 'அந்த வீட்டு விஷயம் என்னாச்சு' என்று கேட்கும்போது சும்மா இருக்க முடியாதவர்கள் தயவுசெய்து வர வேண்டாம், நிஜமாகச் சொல்கிறேன்.

வக்கீல் பீஸ் கொடுக்க எங்களிடம் பணம் இல்லையே?

1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12ஆம் பிரிவு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச வக்கீல் உண்டு, வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் அப்படியே. வக்கீலுக்கு ஆணைக்குழுவே பணம் கொடுத்துவிடும், 'டைப்பிங் செலவு', 'குமாஸ்தா செலவு' என்று உங்களிடம் கேட்டால் கொடுக்காதீர்கள், ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். கடன் வாங்கி, தோட்டை அடகு வைத்து வக்கீல் வைக்கிற குடும்பங்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது, ஏனென்றால் அந்த அலுவலகம் பெரும்பாலும் அதே நீதிமன்ற வளாகத்துக்குள்தான் இருக்கிறது, அவர்கள் அதைத் தாண்டித்தான் நடந்து போயிருப்பார்கள்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமா?

அவசியமில்லை. போக்சோ சட்டப்படி பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ வந்து எழுத வேண்டும், கூடுமானவரை பெண் அதிகாரி, எஸ்.ஐ. தரத்துக்குக் குறையாதவர், யூனிபார்ம் இல்லாமல். இரவில் எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. பிள்ளை நம்பும் ஒருவர் கூட இருக்க வேண்டும். பெண் பிள்ளையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும், அதற்கு எஃப்.ஐ.ஆர். போடும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள், பீரோவில் ரேஷன் கார்டு இருக்கும் அதே பையில். 24 மணி நேரத்துக்குள் போலீஸ் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். கொடுத்தார்களா என்று நீங்களும் கேளுங்கள்.

கோர்ட்டுக்குப் போகும் முதல் நாளுக்குப் பிள்ளையை எப்படித் தயார் செய்வது?

இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

முதலில், சாட்சி சொல்லும் நாளுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் வெறும் இடத்தைப் பார்க்கக் கூட்டிப் போங்கள். அரசு வழக்கறிஞரிடம் சொன்னால் ஏற்பாடு செய்வார். நீதிபதி எங்கே உட்காருவார், அவருக்குக் கீழே டைப் அடிப்பவர் எங்கே, பெயரைக் கூப்பிடும் டவாலி எங்கே நிற்பார், கழிப்பறை எங்கே (இதைப் பெரியவர்கள் மறந்துவிடுவார்கள், பிள்ளை மறக்காது) என்று காட்டுங்கள். ஒரு சின்னப் பெண் அந்த உயரமான நாற்காலியைப் பார்த்து 'தப்பா சொன்னா அங்கிருந்து அடிப்பாங்களா?' என்று என்னிடம் கேட்டாள். சினிமாவில் பார்த்த கோர்ட்டுதான் பிள்ளைகளின் மனதில் இருக்கிறது. இங்கே யாரும் அடிக்க மாட்டார்கள், கத்தக் கூடாது என்று அவர்களுக்கே சட்டம் இருக்கிறது என்று சொன்னேன். உண்மையும் அதுதான். போக்சோ சட்டத்தின் 33ஆம் பிரிவின்படி இரண்டு பக்க வழக்கறிஞரும் கேள்வியை நீதிபதியிடம்தான் கொடுக்க வேண்டும், அவர்தான் பிள்ளையிடம் கேட்பார். மிரட்டும் கேள்வி, நடத்தையைக் கேவலப்படுத்தும் கேள்வி எதற்கும் அனுமதி இல்லை. வேண்டும்போது இடைவேளை கேட்கலாம். விசாரணை மூடிய அறைக்குள் நடக்கும், வேடிக்கை பார்க்க யாரும் வர முடியாது.

அடுத்து, அன்றைய சாப்பாடு. சிரிக்காதீர்கள். வேதாரண்யம் பக்கத்துக் கிராமத்திலிருந்து காலை 6 மணி பஸ் பிடித்து வரும் பிள்ளை வெறும் வயிற்றோடு 11 மணிக்குக் கூண்டில் நின்றால் மயங்கத்தான் செய்யும். இட்லி கட்டிக்கொண்டு வாருங்கள், தண்ணீர், ஒரு பிஸ்கட் பாக்கெட், ஒரு மாற்று உடை. சின்னப் பிள்ளை என்றால் பிடித்த ஒரு பொருள். ஒருத்தி தன் வீட்டுக் கன்றுக்குட்டியின் கழுத்துமணியை எடுத்து வந்து பேசி முடிக்கும்வரை கைக்குள்ளேயே வைத்திருந்தாள்.

பெற்றோரிடம் தனியாகச் சொல்வது ஒன்று உண்டு: அன்றைக்குப் பிள்ளை முன்னால் அழாதீர்கள். அம்மா அழுவதைப் பார்த்த பிள்ளை, தான் பேசுவதால்தான் அம்மா அழுகிறாள் என்று நினைத்து வாயை மூடிக்கொள்ளும்.

என்ன சொல்ல வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கலாமா?

கூடாது. ஒரு வார்த்தைகூடக் கூடாது.

சொல்லிக் கொடுத்தது தப்பு என்பது ஒரு பக்கம், அது நிற்கவும் நிற்காது. பெரியவர்கள் சொல்லிக் கொடுத்த வாக்கியம் பிள்ளையின் வாயிலிருந்து வந்தால் அனுபவமுள்ள எந்த நீதிபதிக்கும் தெரிந்துவிடும், உண்மையாக நடந்ததும் அதோடு சேர்ந்து அடிபட்டுப் போகும். நான் மூன்று விஷயம் மட்டும்தான் சொல்வேன்: தெரிந்ததைச் சொல், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல், கேள்வி புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல். பள்ளிக்கூடத்தில் 'தெரியாது' என்றால் திட்டு வாங்கிப் பழகிய பிள்ளைகள் கோர்ட்டிலும் எதையாவது சொல்லிவிடப் பார்ப்பார்கள். டீச்சராக இருந்தவள் என்ற முறையில் இதற்கு நானும் ஒரு காரணம் என்பதை நினைக்காத நாள் இல்லை.

12 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குச் சத்தியப்பிரமாணம் என்றால் என்னவென்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. உண்மை பேச வேண்டும் என்று புரிந்திருந்தால் போதும், அந்தச் சாட்சியம் செல்லும்.

அந்த ஆளைப் பிள்ளை நேரில் பார்க்க வேண்டியிருக்குமா?

சாட்சி சொல்லும்போது பார்க்காதபடி செய்ய வேண்டும் என்பது சட்டம்: திரை போடலாம், வீடியோ வழியாகக் கேட்கலாம். ஆபத்து வராந்தாவிலும் டீக்கடையிலும் திரும்பிப் போகும் பஸ்ஸிலும்தான். ஒரே ஊர், ஒரே பஸ், சில சமயம் ஒரே குடும்பம். அதனால் எந்த வழியாக உள்ளே வருவது, எங்கே காத்திருப்பது, எந்தப் பஸ்ஸில் திரும்புவது என்று முன்னாலேயே முடிவு செய்துவிடுவேன். மிரட்டல் ஏதாவது வந்தால் அன்றே நீதிபதியின் கவனத்துக்குக் கொண்டுபோங்கள், அடுத்த வாய்தா வரை தள்ளிப்போட வேண்டாம்.

ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

கோயில் வாசலில் கூட்டம் போட்டு, ஒரு தொகையைச் சொல்லி, 'பொம்பளப் புள்ள பேரு கெட்டுப் போகும்' என்று முடிப்பார்கள். அந்தக் கூட்டத்தில் பிள்ளைக்காகப் பேச ஒருவரும் இருக்க மாட்டார்கள் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பாலியல் குற்றத்தை ஊரில் பேசி முடிக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது. தெரிந்தும் போலீசில் சொல்லாமல் மறைப்பதே குற்றம் என்று அதே போக்சோ சட்டம் சொல்கிறது, அது தலைமையாசிரியருக்கும் பொருந்தும், டாக்டருக்கும் பொருந்தும், கூட்டம் போட்ட பெரியவருக்கும் பொருந்தும்.

ஆனால் இதை நான் அந்தக் குடும்பத்திடம் மிரட்டலாகச் சொல்வதில்லை. அவர்கள் அந்தப் பெரியவரின் வயலில்தான் கூலிக்குப் போகிறார்கள், அவர் வாய்க்கால் கரையில்தான் குடிசை. நாளைக்கே வேலை போய்விடும் என்ற பயம் நியாயமான பயம். அதனால் முதலில் பேசுவது சோற்றைப் பற்றித்தான். போக்சோ வழக்கை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றத்தில் இடைக்கால இழப்பீடு கேட்கலாம், தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, எஃப்.ஐ.ஆர். பதிவானதுமே மனு போடலாம். பிள்ளைக்கு விடுதி வேண்டும், பள்ளி மாற்ற வேண்டும் என்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு செய்து தரும். ஊரே ஒதுக்கி வைத்தாலும் நாலு பேர் கூட இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் ஒரு தாய் கூட்டத்திலிருந்து எழுந்து வருவாள்.

பதினேழு வயதுப் பெண் விரும்பிப் போய்விட்டாள், பெற்றோர் வழக்குப் போட்டிருக்கிறார்கள். நீங்கள் யார் பக்கம்?

அந்தப் பெண்ணின் பக்கம். 18 வயதுக்குக் கீழே சம்மதம் செல்லாது, அதனால் அந்தப் பையன் மேல் வழக்கு வரும், அதை மறைத்து அவளிடம் பேச மாட்டேன். ஆனால் குழந்தைகள் நலக் குழு முன்னால் அவளைக் கொண்டுவரும்போது அவள் எங்கே இருக்க விரும்புகிறாள் என்று கேட்டாக வேண்டும். வீட்டுக்குப் போனால் அடிப்பார்கள், வேறு இடத்தில் அவசரமாகக் கட்டி வைத்துவிடுவார்கள் என்று பயந்தால் அதை அங்கேயே சொல்லலாம். இந்த வழக்குகளில் சாதி வேறாக இருந்தால் பெண்ணின் உயிருக்கே காவல் தேவைப்படும். அவளைக் குற்றவாளி மாதிரி கேள்வி கேட்காத ஒரு ஆள் அந்த அறையில் இருந்தால் அவள் வாய் திறப்பாள்.

கணவன் மனைவி பிரிகிறார்கள், பிள்ளை யாரிடம் இருக்கும்?

யார் சம்பாதிக்கிறார்கள், யார் மேல் தப்பு என்பதையெல்லாம் தாண்டி, பிள்ளையின் நலன்தான் முதன்மை என்று சட்டம் சொல்கிறது. 1956ஆம் வருட இந்து இளவர் (மைனர்), காப்பாளர் சட்டப்படி 5 வயது முடியாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்கும். விவரம் தெரிந்த பிள்ளை என்றால் நீதிபதி தன் அறைக்குக் கூப்பிட்டு விருப்பத்தைக் கேட்பதுண்டு. குடும்ப நல நீதிமன்றத்தில் முதலில் சமரசத்துக்கு முயற்சி செய்வார்கள், கவுன்சலரிடம் அனுப்புவார்கள். இங்கே மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் நிறைய அப்பாக்கள் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார்கள், அதனால் பிள்ளையை எடுத்துக்கொண்டு போன தாத்தா பாட்டியோடுதான் வழக்கே நடக்கும். ஜீவனாம்சம் தனி மனு. நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததிலிருந்து கூடுமானவரை 60 நாளுக்குள் இடைக்கால ஜீவனாம்சத்தை முடிவு செய்ய வேண்டும், அதைக் கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.

ஒரு வேண்டுகோள். பிள்ளையைப் பார்க்கும் நாளில் 'அம்மா யாரோடு போனில் பேசுகிறாள்', 'அப்பா குடித்தாரா' என்று பிள்ளையிடம் துப்புக் கேட்காதீர்கள். கோர்ட்டு வாசலில் ஒரு பையன் அப்பா வாங்கிக் கொடுத்த பொம்மைக் காரை அம்மா பார்ப்பதற்குள் குப்பைத்தொட்டியில் போட்டதை நான் பார்த்தேன்.

என் பையனையே போலீஸ் பிடித்துப் போய்விட்டது. அவனுக்கும் துணை நிற்பீர்களா?

நிற்பேன். 18 வயது ஆகவில்லை என்றால் விலங்கு மாட்டக் கூடாது, லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அங்கே ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள், இருவரில் ஒருவராவது பெண். பிணை கொடுப்பதுதான் பொது விதி. வயதுச் சான்றை முதல் நாளே எடுத்து வையுங்கள், பள்ளிச் சான்றிதழ் அல்லது பிறப்புச் சான்றிதழ். அதில்லாமல் பெரியவன் என்று எழுதப்பட்டுவிட்டால் சரிசெய்யப் பெரும்பாடு. நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு விசாரிக்க வருவார், அவரிடம் எதையும் மூடி மறைக்க வேண்டாம், வீட்டு நிலைமை அவர் அறிக்கையில் வந்தால் அது பையனுக்குத்தான் உதவும்.

கிடை ஆடு மேய்க்க விடப்பட்ட பையன்கள் விஷயமும் கோர்ட்டுக்குத்தானா?

குறுவை, சம்பா அறுப்பு முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடையும் வாத்துக் கூட்டமும் வரும்போது அவற்றின் பின்னால் நடக்கிற சின்னப் பையன்களை நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம். சிலர் முதலாளியின் சொந்தப் பிள்ளைகள். சிலர் அப்பா வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக விடப்பட்டவர்கள். 1976ஆம் வருடச் சட்டப்படி அது கொத்தடிமைமுறை. கோட்டாட்சியர் விசாரித்து விடுதலைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும், அந்தத் தாளோடு கடன் ரத்தாகிவிடும். சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போடுங்கள். யார் போன் செய்தது என்று ஆட்டுக்காரருக்குத் தெரியப்போவதில்லை.

வாய்தா நாளும் நடவு நாளும் ஒன்றாக வந்தால்?

போகாமல் இருந்துவிடாதீர்கள். சம்மன் வாங்கிய சாட்சி வராவிட்டால் வாரண்ட் வரும். மேட்டூரில் தண்ணீர் திறந்து வாய்க்காலில் வந்துவிட்டால் முறைத் தண்ணீர் காத்திருக்காது, கூலிக்குப் போகிறவர்களுக்கு அந்த இருபது நாள் சம்பாத்தியம்தான் தீபாவளி வரைக்கும், தெரியும். முன்னாலேயே அரசு வழக்கறிஞரிடமோ உங்கள் வக்கீலிடமோ சொன்னால் தேதியைக் கொஞ்சம் முன்பின்னாகக் கேட்டுப் பார்க்கலாம். சாட்சிக்குப் பயணப்படி உண்டு, அதையும் கேட்டு வாங்குங்கள்.

எவ்வளவு நாள் ஆகும்?

போக்சோ சட்டப்படி பார்த்தால், வழக்கைச் சிறப்பு நீதிமன்றம் எடுத்துக்கொண்ட 30 நாளில் பிள்ளையின் சாட்சியமும், கூடுமானவரை ஒரு வருடத்தில் தீர்ப்பும். நடப்பில் இதைவிட அதிகம் ஆகும் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தது 2004 ஜூலை 16, தஞ்சாவூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2014 ஜூலை 30. அந்தப் பத்து வருடமும் அங்கே போய் வந்த பெற்றோர்களின் ஊர்க்காரர்கள் நாம், காத்திருப்பு என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்பா விபத்தில் இறந்துவிட்டார், பிள்ளையின் பங்குப் பணத்தை எடுக்க முடியவில்லை என்கிறார்களே?

விபத்து இழப்பீட்டில் பிள்ளையின் பங்கை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போடச் சொல்லி நீதிமன்றத்தில் உத்தரவிடுவார்கள், 18 வயது ஆனதும் பிள்ளைக்கே வரும். வட்டியைப் படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கலாம். பெரிய செலவு வந்தால், கல்லூரிக் கட்டணம், ஆபரேஷன் மாதிரி, ரசீதோடு மனு போடலாம். சித்தப்பா வீடு கட்டக் கேட்டால் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

வழக்கு தோற்றுவிட்டால் பிள்ளையிடம் என்ன சொல்வீர்கள்?

ஒரு வழக்கில் அந்த ஆள் விடுதலையாகிவிட்டான். அவளுக்குப் பன்னிரண்டு வயது. 'அப்போ நான் பொய் சொன்னேன்னு எழுதிட்டாங்களா?' என்று கேட்டாள். இல்லை, நீ சொன்னதை நிரூபிக்கப் போதுமான சாட்சி சேரவில்லை என்றுதான் எழுதியிருக்கிறார்கள் என்று தீர்ப்பின் அந்தப் பக்கத்தையே எடுத்துப் படித்துக் காட்டினேன், கஷ்டமான சொல்லுக்கு நின்று அர்த்தம் சொன்னேன். மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் வீட்டாரிடம் சொன்னேன், செய்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் கேட்டுக் கேட்டு உங்களுக்குத் தூக்கம் வருமா?

சில இரவுகளில் வராது. எங்கள் குழுவில் ஐந்து பேர் இருக்கிறோம், மாதம் ஒரு ஞாயிறு ஒருவர் வீட்டில் கூடுவோம், பெயர் சொல்லாமல் மனதில் இருப்பதைக் கொட்டிவிட்டுச் சாப்பிட்டுப் பிரிவோம். தனியாளாக இந்த வேலையில் இறங்காதீர்கள்.

சரி, நாளைக்கே தொடங்க வேண்டும் என்றால்?

உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போய், சட்டத் தன்னார்வலராகச் சேர வேண்டும் என்று சொல்லுங்கள், அடுத்த தேர்வு எப்போது என்று சொல்வார்கள். உதவி தேவைப்படும் குடும்பம் என்றால் 15100, குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098, பெண்களுக்கு 181. மூன்றையும் போனில் இப்போதே பதிந்து வையுங்கள்.

வழக்கு முடிந்த பிறகும் பிள்ளையைப் பார்க்கப் போவீர்களா?

அவர்கள் கூப்பிட்டால் மட்டும். என்னைப் பார்த்தால் கோர்ட்டு ஞாபகம்தான் வரும் என்று தெரியும், அதனால் பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தாலும் நானாகப் போய்ப் பேச மாட்டேன், தெரிந்த மாதிரிகூடக் காட்டிக்கொள்ள மாட்டேன். போன மாசியில் கல்யாண மண்டபம் பார்க்க அம்மாவோடு வந்த ஒரு பெண் தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து 'டீச்சர்' என்று கூப்பிட்டாள், அப்புறம்தான் நான் தெருவைத் தாண்டினேன்.